ஆகாயத்து மேகப் படமும் கிராமத்து மழைமானியும்

மழை வருமா வராதா என்று கிழக்குத் திக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த விவசாயி, இப்பொழுது தம் கையிலுள்ள கைபேசியைக் குனிந்து பார்க்கிறார். ஐப்பசி பிறந்தது முதல், வங்காள விரிகுடாவின்மேல் வெண்மேகம் திரண்டு நிற்கும் படம் ஊருக்கு ஊர் கைமாறி வருகிறது. அதைக் கண்ட மாத்திரத்தில் ஒருவர் மேலுரம் இடுவதை நிறுத்திவிடுகிறார். மற்றொருவர் முற்றாத கதிரை ஆள் கூட்டி அறுத்துவிடுகிறார். வேறொருவர், தம்முடைய ஜில்லாவின்மேல் வெண்மை காணப்படாமையால், களத்தில் நெல்லைப் பரப்பிவிட்டு நிம்மதியாக உறங்கப் போய், விடியற்காலையில் நனைந்த நெல்லைக் காண்கிறார். படம் பொய் சொல்லவில்லை. அது சொல்லாத ஒன்றை அதன் வாயிலிருந்து நாமே வரவழைத்துக்கொள்ளுகிறோம். ஆகவே, மேற்படி படம் எவ்விதம் உண்டாகிறது, அதனால் அறியத்தக்கது எவ்வளவு, அறியமுடியாதது எவ்வளவு என்பவற்றை இங்கே விளக்க முற்படுகிறோம். இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகளுக்குள்ள பங்கும் சிறிதன்று. அது பின்னர்க் கூறப்படும்.

பூமியைச் சுற்றும் செயற்கைக் கோளிலிருந்து மேகங்களைத் திருப்திகரமாகப் படமெடுக்கும் வேலையை முதன்முதலில் சாதித்தவர் அமெரிக்கர். 1960ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 1ஆம் தேதி அவர்கள் ஏவிய ‘டைரோஸ்-1’ என்னும் கோள் 78 நாட்களே வேலை செய்தது. எனினும் அதற்குள், மேகங்கள் கண்டபடி சிதறிக் கிடப்பவையல்ல, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழல்களாகவும் பட்டைகளாகவும் ஒழுங்குபட அமைகின்றன என்பது கண்கூடாயிற்று. நமது தேசத்தில் 1982இல் அனுப்பிய இன்சாட்-1ஏ சில மாதங்களிலேயே பயனற்றுப் போக, 1983 ஆகஸ்டு மாதத்தில் அனுப்பப்பட்ட இன்சாட்-1பி நிலைபெற்று இப்பணியைத் தொடங்கியது. வானிலைக்கென்றே 2002ஆம் வருஷம் செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கோளுக்கு, மறு வருஷம் விண்கல விபத்தில் உயிர்நீத்த கல்பனா சாவ்லா அம்மையாரின் ஞாபகார்த்தமாகக் ‘கல்பனா-1’ என்று பெயரிடப்பட்டது. பின்னர் 2016 செப்டம்பர் 8இல் இன்சாட்-3டிஆர் என்பதும், 2024 பிப்ரவரி 17இல் இன்சாட்-3டிஎஸ் என்பதும் அதே ஸ்தலத்திலிருந்து ஏவப்பட்டன.

இவ்விரண்டு கோள்களும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளவை. அவ்வுயரத்தில் உள்ள கோள், பூமி ஒருமுறை தன்னைத்தானே சுழலும் நேரத்தில் தானும் ஒருமுறை சுற்றிவருவதால், நமக்கு ஓரிடத்தில் அசையாது நிற்பதுபோல் இருக்கும். ஒன்று 74ஆவது பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையிலும் மற்றொன்று 82ஆவது பாகையிலும் நின்று காவல் புரிகின்றன. பூமியின் முகம் முழுவதையும் ஒருமுறை படமெடுக்கச் சுமார் 26 நிமிஷம் பிடிக்கும். இரண்டு கோள்களும் முறைபோட்டு வேலை செய்வதால் கால் மணிக்கு ஒரு படம் வீதம் கிடைக்க வழி ஏற்பட்டிருக்கிறது.

முதலாவது அறிய வேண்டியது, இது கல்யாண வீட்டில் எடுக்கும் போட்டோவைப் போன்றதன்று என்பதே. கோளிலுள்ள கருவியில் ஒரு கண்ணாடி கிழக்கு மேற்காக அசைந்து, ஏர் சால் பிடிப்பதுபோல, பூமியை வரிவரியாகத் துழாவுகிறது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரும் கிரணத்தின் பலம் 0 முதல் 1023 வரையில் ஓர் எண்ணாகக் குறிக்கப்படுகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஒன்று, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கிரணங்கள் ஐந்து, ஆக ஆறு வகையாக இவ்வாறு அளக்கிறார்கள். ஆகவே கோளிலிருந்து கீழே இறங்கி வருவது படமன்று. ஓயாத எண்களின் ஓட்டமே. டில்லியிலுள்ள இந்திய வானிலை இலாகாவின் நிலையத்தில் அவ்வெண்கள் பெறப்பட்டு, கணிப்பொறிகளால் பக்குவம் செய்யப்படுகின்றன. நெல் அரிசியாவதற்குக் களம், ஆலை, முறம் எல்லாம் வேண்டியிருப்பதுபோல, அவ்வெண்கள் நமக்குப் பயன்படுவதற்கும் பல படிகள் உண்டு.

அவற்றுள் முதற்படி தராசைச் சோதிப்பது. கோளிலுள்ள உணர்கருவி வெயிலிலும் குளிரிலும் அடிபட்டு நாளடைவில் மாறுதலடையும். இன்று 600 என்று அது காட்டுவது நேற்று 600 என்று காட்டியதற்குச் சமமென்று நம்புவதற்கில்லை. ஆகையால் இன்ன உஷ்ணமென்று திட்டமாகத் தெரிந்த ஒரு கரிய பொருளைக் கோளிலேயே வைத்து, கருவியை அவ்வப்போது அதைப் பார்க்கச் செய்கிறார்கள். பிறகு ஒன்றுமில்லாத குளிர்ந்த அண்டவெளியையும் பார்க்கச் செய்கிறார்கள். இவ்விரண்டும் முத்திரையிட்ட படிக்கற்கள் போன்றவை. இவற்றைக் கொண்டு எண்கள் உஷ்ண அளவாக மாற்றப்படுகின்றன. இரண்டாவது படி, எந்த எண் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று நிர்ணயிப்பது. நில அளவைக்காரர் எல்லைக் கல்லை ஆதாரமாகக் கொள்வதுபோல, இங்கே கடற்கரையின் வளைவுகளை ஆதாரமாகக் கொண்டு படத்தைத் தேசப்படத்தோடு பொருத்துகிறார்கள். இது சற்றுப் பிசகினாலும், கடலில் உள்ள மேகம் தரையின்மேல் இருப்பதாகக் காணும்.

இனி, வெண்மை என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். இரவிலும் பகலிலும் கிடைப்பதால் நமது கைக்கு அதிகமாக வருவது அகச்சிவப்புப் படம். அது மழையைக் காட்டுவதன்று; ஒளியைக் காட்டுவதுமன்று; குளிரைக் காட்டுவது. தரையிலிருந்து மேலே செல்லச் செல்ல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஆறரை டிகிரி வீதம் உஷ்ணம் குறைகிறது. ஆகவே, பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரம் வளர்ந்த இடிமேகத்தின் உச்சி பூஜ்யத்துக்குக் கீழே அறுபது எழுபது டிகிரிக் குளிரில் இருக்கும். குளிர்ந்த பொருள் குறைந்த கிரணத்தை விடுவதால், உள்ளபடியே அச்சிட்டால் அது கறுப்பாகத்தான் தோன்ற வேண்டும். மேகத்தை வெண்மையாகவே கண்டு பழகிய நமக்காக நிபுணர்கள் அதைத் தலைகீழாக மாற்றி அச்சிடுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சில படங்களில் காணும் வர்ணங்களும் இவ்விதமே பின்னர்த் தீட்டப்பட்டவை. வானத்தில் அப்படி ஒன்றுமில்லை.

இது விளங்கினால், களத்தில் நெல் நனைந்தவர் ஏமாந்த காரணமும் விளங்கிவிடும். தாழ்ந்த மேகத்தின் உச்சி தரையைவிட அதிகக் குளிர்ச்சியுடையதன்று. ஆகையால் அகச்சிவப்புப் படத்தில் அது மங்கலான சாம்பல் நிறமாகவே தெரியும். தை மாதத்து மூடுபனியோ அறவே தெரியாமலும் போகும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வகை அகச்சிவப்பு எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்கும் தனி முறை இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, உயரத்தில் மெல்லிய திரைபோல் பரவிய பனித்துகள் மேகம் ஒரு துளியும் பெய்யாமல் பளிச்சென்று வெண்மையாகத் தோன்றும். முற்றாத கதிரை அறுத்தவர் பயந்தது பெரும்பாலும் இத்தகைய மேகத்துக்கே. பகல் வேளையாயின், கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நலம். இரண்டிலும் வெண்மையாக இருப்பது தடித்த, உயர்ந்த மேகம். அகச்சிவப்பில் மட்டும் வெண்மையாக இருப்பது பெரும்பாலும் மெல்லிய திரையே. இரவில் அந்த ஒளிப் படம் முழுவதும் கறுப்பாக இருக்கும். அதைக் கண்டு வானம் வெளுத்துவிட்டதென்று மகிழ்ந்தோரும் உண்டு!

அப்படியானால் கோள் காட்டும் ‘மழை அளவு’ என்று வெளியாவது என்னவென்று கேட்கலாம். அது அளவன்று, அனுமானம். அமெரிக்க விஞ்ஞானி ஆர்க்கின் என்பவரும் அவருடைய சகாக்களும் 1980ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு சுலபமான விதியை வகுத்தார்கள். மேகத்தின் உச்சி பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 38 டிகிரிக்கும் அதிகமாகக் குளிர்ந்திருந்தால், அவ்விடத்தில் மணிக்கு 3 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்க என்பதே அவ்விதி. இவ்வளவு முரட்டுத்தனமான கணக்குச் சரியாக வருமா என்று தோன்றும். பல நூறு கிலோமீட்டர் நீள அகலமுள்ள பிரதேசத்துக்கு ஒரு மாத சராசரி பார்த்தால் நன்றாகவே வருகிறது. ஒரு கிராமத்துக்கு ஒரு நாள் கணக்குப் பார்த்தால் நம்பத்தக்கதாக வராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவக் காற்றினால் பெய்யும் பெருமழை பல சமயங்களில் அதிக உயரமில்லாத மேகங்களிலிருந்தே விழுவதால், இம்முறை அதைக் குறைத்து மதிப்பிடும். இப்பொழுது கையாளும் முறைகள் எவ்வளவோ திருந்தியவை. மேகத்தை ஊடுருவிச் செல்லும் நுண்ணலைகளை அளக்கும் கோள்கள் வேறு இருக்கின்றன. அமெரிக்கரும் ஜப்பானியரும் கூடி 2014 பிப்ரவரியில் ஏவிய கோளில் மழைத்துளிகளையே உணரும் ராடாரும் உண்டு. ஆனால் அவை தாழ்வாகச் சுற்றுபவை. ஓர் ஊரின்மேல் எப்பொழுதும் நிற்காமல், போகிற போக்கில் பார்த்துவிட்டுச் செல்பவை. இவ்விருவகை எண்களையும் தரையிலுள்ள மழைமானிகளின் கணக்கையும் கலந்தே இன்றைய மதிப்பீடுகள் தயாராகின்றன. மழைமானி இல்லாவிட்டால் அனுமானத்தைச் சரிபார்க்க வழியில்லை.

நிலவுடைமையாளர்களுக்கு எளிதில் விளங்கும் கணக்கு ஒன்றைச் சொல்லுகிறோம். இன்சாட் கோளின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது, மிகத் துல்லியமான இடத்தில்கூட, 4 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் உள்ள நிலம். ஏக்கராவில் சொன்னால் நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நீராவியைக் காட்டும் படத்திலோ ஒரு புள்ளி பதினையாயிரம் ஏக்கருக்கு மேற்பட்டது. பல ஊர்களில் கிராமம் முழுவதும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். வரப்புக்கு அந்தப்பக்கம் பெய்து இந்தப்பக்கம் காய்ந்த மழையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கோள் அதைப் பார்த்ததில்லை. தவிரவும், நிலநடுக்கோட்டுக்கு மேலுள்ள கோள் நம்மைத் தெற்கிலிருந்து சற்றுச் சாய்வாகப் பார்க்கிறது. ஆகையால் தஞ்சாவூருக்கு மேலே பதினைந்து கிலோமீட்டர் உயரம் வளர்ந்த மேகத்தின் உச்சி, படத்தில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வடக்கே தள்ளித் தோன்றும். இதையும் கணக்கிட்டுத் திருத்தலாம். ஆனால் கைபேசியில் வரும் படங்கள் எல்லாவற்றிலும் அவ்விதம் திருத்தியிருப்பார்களென்று எண்ணலாகாது.

இவ்வளவு குறைகளைச் சொல்லியதால் இக்கோள்கள் பயனற்றவை என்று எவரும் கருதிவிடக் கூடாது. புயற்காற்று விஷயத்தில் இவை செய்யும் உபகாரத்துக்கு ஈடில்லை. 1964ஆம் வருஷம் டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடி அழிந்ததையும், பிரயாணிகளோடு ரயில் வண்டி ஒன்று கடலுக்கு இரையானதையும் தமிழ்நாட்டார் மறக்கவில்லை. அக்காலத்தில் வங்கக் கடலை இரவும் பகலும் இடைவிடாது பார்த்துக்கொண்டிருக்கும் கோள் நமக்கென்று இல்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயலோ, பல நாட்களுக்கு முன்பே கடல் நடுவில் அடையாளம் காணப்பட்டுப் படத்துக்குப் படம் பின்தொடரப்பட்டது. கரையை நெருங்கியபோது ராடார்களும் அதைக் கண்காணித்தன. ஆயிரக்கணக்கான ஜனங்கள் முன்கூட்டியே பத்திரமான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். தென்னைகளை அழைத்துச் செல்ல வழியில்லை. தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளில் ஒரு தலைமுறைக் காலம் வளர்த்த தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. ஒரு நாள் முன்னதாக எச்சரிக்கை கிடைத்தால் உயிர், கால்நடை, களத்து நெல், பம்பு செட்டு ஆகியவற்றைக் காக்கலாம். நிற்கும் மரத்துக்கு அது உதவாது. எச்சரிக்கையின் பயனை இந்த அளவில் வைத்தே மதிக்க வேண்டும்.

கடல் நடுவில் காற்றளக்கும் கருவி இல்லாதபோது புயலின் பலத்தை எவ்வாறு அறிகிறார்களென்றால், மேகத்தின் வடிவத்தைக் கொண்டே. வெர்னன் டுவோராக் என்ற அமெரிக்க நிபுணர் 1970ஐ அடுத்த வருஷங்களில் இதற்கு ஒரு முறை கண்டார். மேகப் பட்டை மையத்தை எவ்வளவு தூரம் சுற்றி வளைத்திருக்கிறது, நடுவில் ‘கண்’ தெரிகிறதா, அதைச் சுற்றியுள்ள மேகம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்து, 1 முதல் 8 வரையில் ஓர் எண் இடுவார்கள். நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரின் அனுபவம் போன்ற இம்முறை, கணிப்பொறி யுகத்திலும் இந்திய வானிலை இலாகாவில் கையாளப்பட்டு வருகிறது. அடுத்தடுத்து எடுத்த மூன்று படங்களில் ஒரே மேகத்துணுக்கு எவ்வளவு நகர்ந்ததென்று பார்த்து மேற்காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிடுகிறார்கள். வெவ்வேறு உயரங்களில் உள்ள உஷ்ணத்தையும் ஈரத்தையும் அளக்க 19 வகைக் கிரணங்களை உணரும் வேறொரு கருவியும் இருக்கிறது. இவ்வெண்களில் பெரும்பான்மை எவர் கண்ணிலும் படாமலே, நாளைய வானிலையைக் கணிக்கும் பெருங்கணிப்பொறிகளுக்குள் சென்றுவிடுகின்றன. ஆகவே, படத்தைத் தாமே பார்த்து முடிவு செய்பவர் அந்தக் கோளின் உழைப்பில் ஒரு சிறு பாகத்தையே உபயோகிக்கிறார். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையைப் படிப்பவர் அதிகப் பாகத்தை உபயோகிக்கிறார் என்பது நமது அபிப்பிராயம்.

மேகத்தைப் பார்ப்பவை போகப் பயிரைப் பார்க்கும் கோள்கள் வேறு. இவை எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் வடக்கு தெற்காகச் சுற்றுபவை. ஐரோப்பியரின் சென்டினல்-2 கோளில் ஒரு புள்ளி 10 மீட்டர் சதுரம், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்டு நிலம். ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை படம் கிடைக்கிறது. பசுமையான இலை சிவப்பு ஒளியை விழுங்கி, அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும் இயல்புடையது. இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் எண்ணே ‘பசுமைக் குறியீடு’. நல்ல பயிருக்கு அது ஒன்றை நோக்கி உயரும். வெறும் நிலத்துக்குப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஆனால் நெல்லின் பசுமைக்கும் கோரையின் பசுமைக்கும் அக்குறியீடு மட்டும் பேதம் காட்டாது. மேலும் சம்பாப் பயிர் வளரும் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடப்பதால், வேண்டிய சமயத்தில் படம் மேகத்தையே காட்டும்.

இக்காரணத்தால் நெற்பயிருக்கு ராடார் கோள்களே ஏற்றவையாயின. ஐரோப்பியரின் சென்டினல்-1, நமது தேசத்தார் 2022 பிப்ரவரியில் ஏவிய இஓஎஸ்-04, இந்தியாவும் அமெரிக்காவும் கூட்டாகச் செய்து 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசார் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவை தாமே அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை அளப்பதால் மேகமும் இருட்டும் தடையாவதில்லை. நடவுக்காக நீர் கட்டிய வயல், கண்ணாடிபோல் இருந்து, சாய்வாக வந்த அலையை அப்பால் தள்ளிவிடுகிறது. படத்தில் அது கரிய புள்ளி. பயிர் தூர் கட்டி உயர உயர அலை சிதறித் திரும்புவதால் புள்ளி வெளுத்துக்கொண்டு வரும். முன்னே கறுத்துப் பின்னே வெளுப்பதே நடவு நெல்லின் அடையாளம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் முதலியவற்றோடு கூடி, இம்முறையால் நெல் சாகுபடிப் பரப்பையும் மகசூலையும் மதிப்பிட்டு வந்திருக்கிறார்கள்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. காவிரிப் பாசனப் பகுதியில் தண்ணீர் வரத் தாமதமாகும்போது பலர் நாற்று விடாமல் புழுதியில் நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். அவ்வயல் தொடக்கத்தில் கறுப்பதில்லை. இன்ன வயல் நேரடி விதைப்பு, இன்ன வயல் நடவு, இன்னது தரிசு என்று தரையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரிகளைக் கொண்டே கணிப்பொறி பயிர்களை இனம் பிரிக்கக் கற்றுக்கொள்கிறது. நூறு மாதிரியில் பத்து பொய்யானால் அப்பத்து வயல்களோடு தவறு நிற்பதில்லை. அவற்றைப் போலத் தோன்றும் ஜில்லாவின் வயல்கள் எல்லாவற்றுக்கும் பரவுகிறது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், 2023ஆம் வருஷத்துக் காரிப் பருவம் முதல், நெல்லுக்கும் கோதுமைக்கும் கோள் முதலிய சாதனங்களால் கிடைக்கும் மகசூல் மதிப்பீட்டுக்கு முப்பது சதவிகித எடை கொடுக்க விதி செய்யப்பட்டிருக்கிறது; மீதி அறுவடைப் பரிசோதனையைப் பொறுத்தது. எனவே, வயலை நேரில் பாராமல் சென்ற வருஷத்து அடங்கலைப் பார்த்தே இவ்வருஷத்து அடங்கலை எழுதுவது முன்னொரு காலத்தில் வெறும் சோம்பலாக இருந்திருக்கலாம். இன்று அது, பயிர் இழந்தவருக்கு வரவேண்டிய தொகையைத் தடுக்கும் காரியமாகக்கூடும். நிலத்துக்குரியவரும் தம் புல எண்ணுக்கு எதிரே எழுதப்பட்டிருப்பது என்னவென்று பயிர் நிற்கும்போதே பார்த்துக்கொள்வது உசிதம். அறுத்த பிறகு கோளைச் சாட்சிக்கு அழைத்தால், அதன் சாட்சியமும் ஒருவேளை அந்த அடங்கலைக் கேட்டுப் படித்ததாகவே இருக்கும்.

மழைமானியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைத்துவிட்டு எடுக்கும் கணக்கால் பிரயோஜனமில்லை. பக்கத்திலுள்ள மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ அதைப்போல இருமடங்கு தூரமாவது தள்ளியிருக்க வேண்டும்; கருவியின் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டமாக இருக்க வேண்டும். காலை 8.30 மணிக்கு அளக்கச் சொல்லியிருப்பது ஏதோ ஆபீஸ் வசதிக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். மேகப் படங்களின் மூலையில் அச்சிடப்படும் மணி பெரும்பாலும் சர்வதேச மணி. அதோடு ஐந்தரை மணியைக் கூட்டினால் நம் மணி வரும். நமது 8.30 என்பது சர்வதேச மணிக்குச் சரியாக 3. உலகெங்கும் வானிலை நிலையங்கள் தங்கள் கருவிகளைப் பார்த்துக் கணக்கெழுதும் வேளைகளில் அதுவும் ஒன்று. எட்டரைக்கு அளக்க வேண்டியதைப் பத்து மணிக்கு அளந்து, இடையில் பெய்த தூறலையும் சேர்த்து எழுதிவிட்டால், அது முந்தின நாளின் மழையோடு சேர்ந்துவிடும்; 3 மணிப் படத்தோடு அவ்வூர்க் கணக்கை ஒப்பிடும் நிபுணருக்கு, படத்தில் மேகமில்லாத வேளையில் அவ்வூரில் மழை பெய்ததாகவே தோன்றும்.